மச்சானுக்கு, மூழ்கிய கயிற்றைப் பற்றி

மச்சான், முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம் நிற்கும்போதே, ஒரு வாத்தின் பின்பக்கத்தை மூக்கருகே தூக்கிப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். கண்ணை வேறு மூடிக்கொண்டேன். அரைக்கிலோ கறிக்காக நின்ற ஒரு டீச்சரம்மா பார்த்துவிட்டார். "இன்னாங்க, கெட்டுப்போச்சா?" என்று கேட்டார். "இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது" என்றேன். அவர் கறி வாங்காமலே போய்விட்டார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

வாத்தின் வாலுக்கு அடியில் ஒரு சின்ன மொட்டு இருக்கும். அதில் எண்ணெய் ஊறும். வாத்து அலகால் அதைத் தொட்டுத் தொட்டு உடம்பு முழுக்கப் பூசிக்கொள்ளும். அதனால்தான் நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தாலும் நனையாமல் மிதக்கிறது. அந்த மொட்டில் கொஞ்சம் மெழுகு வாசனை, கொஞ்சம் பழைய நெய் வாசனை, கூடவே ஈரக் கம்பளி வாசனையும் வரும். இந்த இறகைப் போட்டுவைத்திருந்த உங்கள் சட்டைப் பையிலும் அதே வாசனைதான். நீங்கள் போய் இரண்டு பொங்கல் ஆகிவிட்டது. வாத்தைத் துண்டு போடப் போன கை, அந்த வாசனை வந்ததும் அதைத் தூக்கிவிட்டது. அதை டீச்சரம்மாவுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

உங்களுக்கென்றால் ஆரம்பத்திலிருந்தே சொல்லலாம். பாதி உங்களுக்குத் தெரிந்ததுதான். பரவாயில்லை, எனக்குப் பேச வேண்டும்போல் இருக்கிறது.

நீலகிரியில் ஒரு எஸ்டேட் பங்களாவில் இருபத்துச் சொச்சம் வருஷம் சமையல் பார்த்துவிட்டு நீங்கள் கள்ளக்குறிச்சிக்குத் திரும்பியபோது, கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குக்கர், ஒரு நீளமான துணிப்பை. என் பெண்டாட்டி, அதாவது உங்கள் தங்கச்சி, என்னைச் சமையற்கட்டுக்குள் இழுத்து, "அண்ணன் துப்பாக்கி கொண்டாந்துக்குது" என்றாள். பிரித்துப் பார்த்தால் நாலு துண்டு ஒல்லிக் குச்சி. ஒன்றில் ஒன்று சொருகினால் ஒன்பதடிக் கோல். கூடவே ஒரு சக்கரம், அதில் சுற்றிய வெளிர் பச்சைக் கயிறு. பங்களாவுக்கு மீன் பிடிக்க வந்துபோன ஒரு பெரியவர், இனிமேல் மலை ஏற முடியாது என்று உங்களிடமே விட்டுப்போனது.

நம் ஊரில் மீன் பிடிக்க மண்புழு வேண்டும், தக்கை வேண்டும், ஈயக் குண்டு வேண்டும். முள் கீழே போக வேண்டும். நீங்கள் சொன்னதோ தலைகீழ். சேவல் முடியை முள்ளில் சுற்றி ஒரு ஈ மாதிரி கட்ட வேண்டும். அந்த ஈ தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும். ஈக்கு எடை கிடையாது. அதனால் கயிற்றின் எடையை வைத்துத்தான் அதை வீச முடியும். அந்தக் கயிறும் மிதக்க வேண்டும். கயிறு முங்கினால் ஈயையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

"மீனு மேல வரணும்னு அதுக்கு இன்னா தலையெழுத்து? நாம கீழ போனா இன்னா?" என்று கேட்டேன்.

"கீழ போனா எனக்குத் தெரியாது மாப்ள" என்றீர்கள்.

நான் அதை வீம்பு என்றுதான் நினைத்தேன். நீலகிரித் திமிர் என்றுகூடச் சொன்னேன். அன்று ராத்திரி உங்கள் தங்கச்சி சொன்னபிறகுதான் தெரிந்தது. சர்க்கரை உங்கள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும். வலது கண்ணில் நடுவே புகை, ஓரத்தில் மட்டும் பார்வை. இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர்மேல் வெள்ளைப் புள்ளியாக நிற்கும் ஈயை உங்கள் ஓரக்கண்ணால் பார்க்க முடியும். அரை விரல் ஆழம் முங்கிவிட்டால் அது உங்களுக்கு இல்லை. மீன் எடுத்ததா, கல்லில் மாட்டியதா, எதுவும் தெரியாது.

"மெதந்தா நான் மீன் புடிக்கிறவன். முங்குனா குச்சிய புடிச்சிக்கினு நிக்கிற சக்கர வியாதிக்காரன்" என்றீர்கள் ஒருநாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் மறுநாள் கடைக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு சாக்கு நிறைய இறகு சேர்த்தேன்.

அந்த ஒரு சாக்கு இறகும் முங்கியது. நீங்கள் வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தீர்கள். ஒன்று விடாமல் நனைந்து படுத்துவிட்டன. "இத எப்பிடி புடுங்குன?" என்று கேட்டீர்கள். "எல்லாரும் புடுங்குற மாதிரிதான், வெந்நீர்ல முக்கி." நீங்கள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஆனால் கை பாதி தூரம் போனது. வெந்நீரில் முக்கினால் இறகில் இருக்கிற எண்ணெய் போய்விடுமாம். இருபது வருஷமாகக் கோழி அறுக்கிறேன், எனக்கு அது தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் வரவில்லை. எந்த வாடிக்கைக்காரரும் கோழி மிதக்குமா என்று கேட்டதில்லை.

அதன்பிறகு நாட்டுச்சேவல் அறுத்ததும், வெந்நீர்ப் பானைக்குப் போகும் முன்னால், கழுத்து முடியை மட்டும் வறட்டுக் கையால் பிடுங்கி ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்தேன். பார்த்தவர்கள் நான் யாருக்கோ செய்வினை வைக்கிறேன் என்று பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை. கொஞ்ச நாள் பேரம் பேசாமல் வாங்கிப் போனார்கள்.

சேவல் முடி ஈயைக் கட்டி முடித்ததும் அதை ஒரு குப்பியில் முக்கி எடுப்பீர்கள். மெழுகுவத்தியைச் சீவிப் பெட்ரோலில் கரைத்தது அதில் இருக்கும். வெளியே எடுத்து ஊதினால் பெட்ரோல் பறந்துவிடும், மெழுகு மட்டும் முடியில் தங்கும். "இது ஈக்கு மட்டும். கயித்துல ஒரு சொட்டு பட்டாலும் தோலு உரிஞ்சிடும்" என்பீர்கள். கொசு மருந்து பூசிய கையாலும் கயிற்றைத் தொடவிட மாட்டீர்கள். மலையில் கொசு உங்களைத் தின்னட்டும், கயிறு நன்றாக இருக்க வேண்டும்.

பிறகு அந்தப் பொடி. செருப்பு டப்பாவுக்குள் ஒரு சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, ஈரம் உறிஞ்ச, அதற்குள் கண்ணாடி மாதிரி உருண்டைகள். உங்களை மார்க்கெட் தெருவில் செருப்புக் கடைகளுக்குக் கூட்டிப்போனது நான்தான். நீங்கள் செருப்பைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத் தடவிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, "இது போதும்ங்க" என்றீர்கள். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான், "மச்சானுக்கு இதான் செருப்பு" என்றேன். அதை இடித்து நைத்து ஒரு மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டீர்கள். மீன் கடித்த ஈயை முதலில் ஓடையில் அலசி, பழைய வேட்டித் துணியில் வைத்து அமுக்கி, டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஊதிவிட்டு, காற்றில் நாலு வீச்சு வீசினால் புதுசு மாதிரி நிற்கும். அலசாமல் பொடியில் போட்டால் மீனின் வழவழப்போடு சேர்ந்து களியாகிவிடும்.

வாத்து கடைசியாக வந்தது. எலவனாசூர்கோட்டைப் பக்கம் அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்க்க வருகிறவர்களிடம் நான் ஐந்தாறு வாங்கி வந்திருந்தேன். நீங்கள் ஒன்றை மடியில் வைத்து வாலடியைத் தடவிப் பார்த்துவிட்டு, மொட்டைச் சுற்றியிருந்த பஞ்சு மாதிரி இறகை எடுத்துத் தண்ணீரில் போட்டீர்கள். முங்கவே இல்லை. விரலால் அமுக்கிவிட்டீர்கள். திரும்ப மேலே வந்தது. "இதுக்கு ஒன்னும் தடவாதே மாப்ள. மெழுகு வச்சா இது செத்துடும்" என்றீர்கள். சேவலுக்கு மெழுகு, வாத்துக்கு ஒன்றுமில்லை. இன்றைக்கும் அப்படியேதான் செய்கிறேன்.

காலை முதல் வெள்ளிமலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணைக்கு மேலே வளைவு வளைவாக ஏறும்போது நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "கடுக்கா மரம் வந்துடுச்சா?" என்று கேட்பீர்கள். நான் பலமுறை வராதபோதே வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிமலையில் இறங்கி ஒரு மணி நேரம் நடந்தால் நம் ஓடை. பாறைக்குக் கீழே ஒரு மடு, மடுவின் கரையில் ஒரு அம்மாவின் சாமைக்காடு. முதல்நாள் நீங்கள் கயிற்றை முன்னும் பின்னும் வீசியதைப் பார்த்து அந்த அம்மா களைக்கொத்தோடு வந்து நின்றார்.

"இன்னா சாமி, மீன சாட்டையால அடிக்கிறீங்களா?"

"அடிக்கலம்மா, கூப்புடுறேன்."

"வந்துச்சா?"

"இன்னும் வரல."

"அடிச்சா எது வரும்?" என்றுவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் முறை போனபோது ஒரு கெண்டை மேலே வந்து வாத்து ஈயை எடுத்தது. உள்ளங்கை நீளம், வெள்ளி மாதிரி வயிறு. நீங்கள் அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்து, முள்ளைக் கழற்றி விட்டுவிட்டீர்கள். அந்த அம்மாவால் தாங்க முடியவில்லை. "வுட்டுட்டு போறதுக்கா கீழ இருந்து பஸ் ஏறி வந்தீங்க? அது பாட்டுக்கு இருந்துட்டு போவுது" என்றார். அந்த ஒரு விஷயத்தில் நான் அந்த அம்மா கட்சி. அடுத்தமுறை இரண்டைப் பிடித்து அவருக்கே கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு அவர் நம்மை வெயிலில் நிற்கவிடவில்லை. தன் கொட்டகையில் உட்காரச் சொல்வார். ஆனால் வாயைக் குறைக்கவில்லை.

அப்படியே ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. அதைக் கெடுத்தது நான். இதை ஒருதரம் உங்களிடம் பஸ்ஸில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பஸ்ஸில் சொன்னது அவசரத்தில் சொன்னது. இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன்.

உங்கள் கட்டைவிரலில் புண் வந்து, காலைக் கீழே வைக்கக் கூடாது என்று படுக்க வைத்திருந்தார்கள். கயிறு ஓடைப் பாசி ஏறிச் சொரசொரவென்று இருந்தது. விரலால் உருவிப் பார்த்துவிட்டு, "கயித்த மட்டும் கழுவி வையி மாப்ள" என்று என்னிடம் கொடுத்தீர்கள். "வெதுவெதுன்னு தண்ணி, குளிக்கிற சோப்பு ஒரு சொட்டு. அப்புறம் நல்ல தண்ணில நாலு வாட்டி அலசு. அழுக்கு இருந்தாலும் முங்கும், சோப்பு இருந்தாலும் முங்கும்." எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் நான் கறிக்கட்டை கழுவுகிறவன். நுரை வராமல் அழுக்கு போனதாக என் கை நம்பாது. கடை டப்பில் துணி சோப்புத்தூள் இரண்டு பிடி அள்ளிப்போட்டு, கயிற்றை ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். மறுநாள் குழாயில் தண்ணீர் வராத நாள். குடத்தில் இருந்ததில் இரண்டு சொம்பு ஊற்றி எடுத்துக் காயப்போட்டேன். புதுக் கயிறு மாதிரி பளபளத்தது. உங்களிடம் கொடுக்கும்போது, "நீலகிரில கூட இப்பிடி கழுவியிருக்க மாட்டாங்க" என்றேன். அதில் பொய் இல்லை.

புண் ஆறி மறுபடி மலைக்குப் போனோம். முதல் வீச்சிலேயே கயிற்றின் நுனி முங்கியது. இரண்டாவதில் பாதிக் கயிறு. ஈ ஒரு நொடி நிற்கும், பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி உள்ளே போய்விடும். நீங்கள் சேவல் ஈயை எடுத்துவிட்டு வாத்து ஈயைக் கட்டினீர்கள். முங்கியது. வைக்கக் கூடாத மெழுகையும் வைத்துப் பார்த்தீர்கள். முங்கியது. கயிறு தண்ணீரில் அடித்து விழுவதாக நினைத்து மெதுவாக, இன்னும் மெதுவாக வீசினீர்கள். நான் வழக்கம்போலப் பின்னால் உட்கார்ந்து, "மாட்ட ஓட்டுற மாதிரி இருக்குது மச்சான்", "அந்தம்மா சொன்ன சாட்ட இதான்" என்று ஒன்று மாற்றி ஒன்று விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் பார்த்தேன். கயிறு கிடந்த இடத்தில், பாறையோரத்தில், மெல்லிசாக நுரை. சின்னச் சின்னக் குமிழ்.

"இன்னா மாப்ள, இன்னிக்கி ஒன்னும் நிக்க மாட்டேங்குது?" என்று கேட்டீர்கள்.

"மேல மழ பேஞ்சிக்குது மச்சான். மழத்தண்ணி. அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலநாள் யோசித்திருக்கிறேன். காலையிலிருந்து உங்கள் கையைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். அந்த வாயாலேயே, தப்பு என்னுடையது என்று சொல்ல வரவில்லை. அவ்வளவுதான்.

நீங்கள் குனிந்து தண்ணீரைத் தொட்டீர்கள். மழைத்தண்ணீரின் கலங்கல் இல்லை என்பது உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்கும். "தண்ணி இல்ல மாப்ள. கை போச்சு" என்றீர்கள். கோலைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் வேட்டித் துணியால் துடைத்து, பைக்குள் வைத்து நாடாவை இறுக்கிக் கட்டினீர்கள். வீட்டுக்கு வந்ததும் பரண்மேல் வைக்கச் சொன்னீர்கள். நான் ஏணி போட்டு வைத்தேன்.

அதன்பிறகு நீங்கள் வெளியே வருவதே இல்லை. காலையில் டாக்டர் சொன்ன நடையும் நின்றது. கண்ணுக்குத் தெரியாத டிவிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சர்க்கரை ஏறியது. சேவல் முடித் தாளைக் கொண்டுவந்து மடியில் வைத்தால், "அத வேற யாருக்காவது குடு" என்றீர்கள். சேவலின் கழுத்து முடியை நான் வேறு யாருக்குக் கொடுப்பது?

ஒருநாள் உங்கள் தங்கச்சி கடைக்கே வந்துவிட்டாள்.

"அண்ணன் எதுக்கு இப்பிடி ஒக்காந்துக்கினு இருக்குது? மலையில நீங்க இன்னா சொன்னீங்க?"

"நான் ஒன்னும் சொல்லல."

"ஒன்னும் சொல்லாத வாயா இது?"

சொல்லிவிட்டேன். ஊறவைத்தது, குழாயில் தண்ணீர் வராதது, நுரை, மழை எல்லாம். அவள் கத்தவில்லை. தராசுக்குப் பக்கத்தில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள்.

"போயி சொல்லுங்க."

"சரி, சிரிச்சாப்புல ஒரு நாளு சொல்றேன்."

"சிரிக்காம சொல்லுங்க" என்றாள்.

முதலில் கயிற்றைச் சரிசெய்துவிட்டுச் சொல்லலாம் என்று, தண்ணீர் வந்த நாளில் கடையைச் சீக்கிரம் மூடினேன். பரணிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் இறக்கி, டப்பில் வளையம் வளையமாகப் போட்டு அலசினேன். சோப்பு போனதா என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் நாக்கில் வைத்துப் பார்த்தேன். நாலாவது தண்ணீரிலும் சோப்பு. ஆறாவதிலும் லேசாக இருந்தது. ஏழாவதில்தான் வெறும் தண்ணீர் ருசி வந்தது. நிழலில் காயவைத்து, கோலோடு பெரியவர் விட்டுப்போன கயிற்று மெழுகை மெல்லிய துணியில் தொட்டு, முழுக்க ஒருதரம் உருவி, மிச்சத்தைத் துடைத்தேன். மறுநாள் கடைக்குப் பின்னால் இருக்கிற நீல டிரம்மில் நுனியை விட்டேன். கறி வாங்க வந்தவர்களைக் காக்கவைத்துவிட்டு அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்த்தேன். சாயங்காலம் வரை மேலேயே கிடந்தது.

நீங்கள் மலை என்றால் வரமாட்டீர்கள் என்று தெரியும். அதனால் வெள்ளிமலையில் நாட்டுக்கோழி வாங்க வேண்டும், துணைக்கு வாருங்கள் என்று இன்னொரு பொய். கோலையும் சக்கரத்தையும் கோழிக் கூடைக்குள் சாக்குப் போட்டு மறைத்திருந்தேன். நாலு வளைவு ஏறியதும் ஆரம்பித்தேன். சிரிக்காமல்தான் சொன்னேன்.

கோபம் வந்தால் உங்களுக்கு மரியாதை ஜாஸ்தியாகிவிடும். "மாப்பிள்ளைக்கு இது எப்பலருந்து தெரியும்ங்க?" என்று கேட்டீர்கள்.

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா?"

"ஓடையிலயே. நுரைய பாத்தேன்."

நீங்கள் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டர் தம்பி, இங்க எறக்கி வுடுங்க" என்றீர்கள்.

"இங்க இன்னா இருக்குது பெரியவரே? கொரங்குதான் இருக்குது."

"கொரங்கு பஸ்ஸுலதான் இருக்குது. அதான் எறங்குறேன்."

பஸ்ஸில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கூடையோடு இறங்கினேன். நீங்கள் ரோட்டோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மேலே நடந்தீர்கள். அந்தக் கோடு உங்கள் ஓரக்கண்ணுக்குத் தெரியும். நான் பத்தடி பின்னால். மூச்சு வாங்கினால் நின்றீர்கள். நீங்கள் நின்றால் நானும் நின்றேன். என் வாயில் எத்தனையோ வந்தது. ஒன்றையும் விடவில்லை. அரைமணி நேரம் நான் சும்மா இருந்தது அதுதான் முதல்தடவை. ஒரு மைல் கல்லில் உட்கார்ந்தீர்கள்.

"கயிறு எங்க?"

"கூடையில."

"அலசுனியா?"

மரியாதை குறைந்ததும் எனக்கு உயிர் வந்தது. "ஏழு தண்ணி மச்சான். நாக்குல வச்சி பாத்துட்டேன்."

கையை நீட்டினீர்கள். நுனியைக் கொடுத்தேன். நீங்களும் நாக்கில் வைத்துப் பார்த்தீர்கள். "ஒரப்பா இருக்குது."

"அது மொளகாத்தூளு. கை கழுவாம சுத்திட்டேன்."

 துப்பிவிட்டு, அடுத்து வந்த பஸ்ஸைக் கை காட்டினீர்கள்.

மடுவில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நுனியை ஓடையில் ஒருதரம் அலசி, வாத்து ஈ கட்டினீர்கள். ஒன்றும் தடவவில்லை. அந்த அம்மா காட்டிலிருந்து, "இத்தினி நாளு எங்க சாமி போயிட்டீங்க?" என்று குரல் கொடுத்தார். நீங்கள் கயிற்றை வீசினீர்கள். கயிறு முழுக்க நீண்டு, சத்தமில்லாமல் தண்ணீர்மேல் படுத்தது. நுனி முங்கவில்லை. ஈ நின்றது. நகர்ந்து நகர்ந்து பாறை நிழலுக்குள் போனது. அங்கே எனக்கே அது தெரியவில்லை.

"எடுத்துது" என்றீர்கள்.

நான் அப்புறம்தான் தண்ணீரில் வளையத்தைப் பார்த்தேன். அதற்குள் கோல் வளைந்துவிட்டது. எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள், மச்சான். கெண்டையைக் கழற்றி விட்டுவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "கை இருக்குது" என்றீர்கள். ஏதோ வீட்டுச் சாவி சட்டைப் பையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுபோல.

திரும்பும்போது பஸ்ஸில் ஒன்றே ஒன்று சொன்னீர்கள். "சோப்பு யாரு வேணாலும் போடுவாங்க மாப்ள. அலசணும்." மன்னித்தேன் என்றெல்லாம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் போனோம். ஓரப்பார்வையும் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசி ஆறேழு தடவை வெள்ளைப் புள்ளியும் உங்களுக்கு இல்லை. நான் பாறைமேல் நின்று சொல்வேன், நீங்கள் கேட்டு நிற்பீர்கள். "நிக்குதா?" "நிக்குது." "இப்ப?" "முங்கிடுச்சி." முங்கினால் முங்கிவிட்டது என்றுதான் சொன்னேன். ஒருதரம்கூட மாற்றிச் சொல்லவில்லை. கடுக்காய் மரத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் வேறு கணக்கு. ஊரில் என்னிடம் கறி வாங்குகிறவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். பிறகு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டது. பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள். உங்கள் தங்கச்சி கோலை என் கையில் கொடுத்து, "பரண்ல வைக்காதீங்க" என்றாள். 

வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை கடையில் வியாபாரம் கம்மி. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போகிறேன். முந்தின நாள் கயிற்றைக் கழுவுகிறேன். சோப்பு ஒரு சொட்டு, தண்ணீர் ஏழு. நாலு போதும் என்றுதான் நீங்கள் சொன்னீர்கள். எனக்கு ஏழு வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் வீட்டில், கடையில், எதையாவது உடைத்துவிட்டால், தப்பாகக் கொடுத்துவிட்டால், அன்றைக்கே சொல்லிவிடுகிறேன். சொல்லும்போது சிரிப்பு வருகிறது. அதை மட்டும் இன்னும் நிறுத்த முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமையும் போனேன். என் வீச்சு உங்களுடையது மாதிரி இல்லை. ஆனால் கயிறு நுனிவரை மேலே கிடந்தது. ஈ நிமிர்ந்து நின்றது. பாறை நிழலுக்குள் போனதும் கண்ணுக்குத் தெரியவில்லை. நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு காலை முன்னால் வைத்தேன். அங்கே பாசி. தண்ணீர் மார்பு வரை வந்தது. போன் மேல்பையில் இருந்தது, சோறு தோள்பையில் இருந்தது, இரண்டும் என்னோடு தண்ணீருக்குள் வந்தன. அந்த அம்மா களையெடுப்பதை நிறுத்தி ஒருதரம் பார்த்துவிட்டு, மறுபடி களையெடுத்தார். ஒரு செருப்பு ஓடையோடு போய்விட்டது. மற்றது காலில் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வெள்ளிமலை வரை நடந்து, மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. ஈரமாக இருந்ததால் நின்றுகொண்டே வந்தேன்.